மூன்றே முக்காலா, நாலா, நாலேகாலா

அந்த மார்ச் மாதத்தில் எங்கள் சாப்பாட்டு மேசையில் மூன்று எண்கள் கிடந்தன. விளம்பரத் தாளொன்றின் வெள்ளை ஓரத்தில் என் கணவர் பென்சிலால் எழுதியவை: 3¾, 4, 4¼. மூன்றும் அங்குலக் கணக்கு. முப்பது வருடமாக மில்லிமீட்டரில் வேலை செய்த மனிதர் அங்குலத்துக்குத் திரும்பியிருந்தார். காரணம் ஒரு பழைய அமெரிக்க எஞ்சின்.

அவர் டென்மார்க்கின் ஹேர்னிங்கில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துபவராக இருந்தவர். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது அவருக்கு ஐம்பத்தேழு வயது. பதினொரு மாதம் வீட்டில் இருந்தார். அந்த மாதங்களில் எங்கள் மாடிக் குடியிருப்பில் எந்தக் கதவும் கிறீச்சிடவில்லை. எல்லாப் பிணைச்சல்களுக்கும் எண்ணெய் விட்டு முடித்து, கீழ்வீட்டுக் கதவுகளுக்கும் விட்டார். அவருடைய வேலை விண்ணப்பங்களின் டேனிஷை நான்தான் திருத்தினேன். பதில்கள் எல்லாம் நன்றி சொல்லித் தொடங்கின. நன்றியில் தொடங்கும் கடிதத்தின் இரண்டாவது வரியை வாசிக்கத் தேவையில்லை என்பதை நாங்கள் விரைவில் அறிந்துகொண்டோம்.

பிறகு வேலையில்லாதவர்களைக் கவனிக்கும் அரச அலுவலகமான ஜொப்சென்டர் அவரைப் பதின்மூன்று கிழமைப் பயிற்சிக்கு அனுப்பியது. சில்க்போர்க்கின் ஓரத்தில், பழைய எஞ்சின்களைக் கடைந்து திருத்தும் ஒரு சிறு வேலைத்தலம். அதன் உரிமையாளர் நாற்பதைத் தாண்டிய பெண். எல்லோரும் அவரை மெஸ்டர், அதாவது தொழில் ஆசான், என்பார்கள். அவரோடு இருந்த ஒரே தொழிலாளி வேறு ஊருக்குப் போய்விட்டார். முதல் நாளே மெஸ்டர் தெளிவாகச் சொன்னார்: பதின்மூன்று கிழமை முடிய ஓர் ஆளை நிரந்தரமாக எடுப்பேன், அல்லது எடுக்க மாட்டேன்.

ஆறாவது கிழமை அவர் என் கணவரிடம் ஓர் எஞ்சினைக் காட்டி, "இது உன்னுடையது. எந்தக் கிராங்க் போடுவது என்பதிலிருந்து ஸ்டார்ட் பண்ணும்வரை நீயே முடிவெடு. அதற்குப் பிறகு நாம் இருவரும் கதைப்போம்" என்றார்.

அந்த எஞ்சினின் காரைப் பிறகு பார்த்தேன். ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்த, உருண்ட முதுகுள்ள அமெரிக்கக் கார். சொந்தக்காரர் எழுபத்தொரு வயதான ஓய்வுபெற்ற தபால்காரர்.

நான் எஞ்சின் தெரிந்தவள் அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் ஆறு வருடம் அச்சுப்பிழை பார்த்தேன். இங்கே வயோதிபர்களின் வீடுகளுக்குச் சென்று பராமரிக்கும் வேலை செய்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓர் எண் தாளில் சரியாக இருக்கும் அல்லது பிழையாக இருக்கும் என்பதுதான். ஆகவே என் கணவர் எனக்குச் சைக்கிளை வைத்து விளக்கினார்.

சைக்கிளில் மிதிகட்டையைத் தாங்கும் கை இருக்கிறதே, எஞ்சினுக்குள் அதே வேலையைச் செய்வது கிராங்க். அந்தக் கை நீளமாக இருந்தால் மேட்டில் மிதிப்பது இலகு. ஆனால் முழங்கால் பெரிய வட்டம் சுற்ற வேண்டும். எஞ்சினில் கையின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு தூரம் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். அந்தத் தூரம்தான் ஸ்ட்ரோக். மேசையில் கிடந்த மூன்று எண்களும் மூன்று ஸ்ட்ரோக்குகள்.

"இஞ்சேரும், பழைய கிராங்கில வெடிப்பு," என்றார். "நேற்று மருந்து பூசி லைற் பிடிச்சுப் பாத்தனான். தலைமயிர் மாதிரி ஒரு கோடு, பச்சையா மின்னுது."

"அப்ப?"

"அது இனி பழைய இரும்புக்குத்தான். றாக்கையில மூண்டு கிடக்கு. ஒண்டு பழையதின்ர அதே அளவு, மூண்டே முக்கால். மற்றது நாலு. இதே எஞ்சினை அந்தக் காலத்தில கொஞ்சம் பெரிய காருக்குப் போட்டவங்கள், அதின்ர. மூண்டாவது நாலேகால். புதுசு. வேகம் வேணுமெண்டிற ஆக்களுக்கெண்டு இப்ப செய்யிறது."

"எதைப் போடப்போறியள்?"

"இதென்ன கேள்வி? நாலேகால். றாக்கையில சும்மா கிடக்கேக்க ஏன் குறைச்சுக் குடுப்பான்?"

இந்தப் பதிலில் எனக்கு வியப்பு இல்லை. எங்கள் இரண்டு பிள்ளைகளும் டேனிஷ் பாலர் பள்ளிக்குப் போன வருடங்களில் பனிக்கால முழு உடுப்பு எப்போதும் இரண்டு அளவு பெரிதாகவே வாங்கப்பட்டது. கைகள் மடித்து விடப்பட்டன. கால்கள் மடித்து விடப்பட்டன. பள்ளி முற்றத்தில் ஓடும் பிள்ளைகளில் எது தமிழ்ப் பிள்ளை என்பதை முகம் தெரியாத தூரத்திலேயே சொல்லலாம். வளர்ந்தால் போடலாம் என்பது காரணம். மகள் வளர்ந்தபோது உடுப்பின் முழங்கால் கிழிந்திருந்தது.

அடுத்த நாள் அவர் ஓர்டர் தாளை நிரப்பி மெஸ்டரிடம் கொடுத்தார். றாக்கையிலிருந்து நாலேகால் கிராங்க், வெளியிலிருந்து வாங்க அதற்கேற்ற பிஸ்டன் எட்டு, றிங், பெயறிங். மெஸ்டர் அதை வாசித்தார். தன் கோப்பிக் கோப்பையை அதன்மேல் வைத்தார். "முடிவு உன்னுடையது" என்றார்.

"ஒரு சொல்லும் மறுத்துச் சொல்லேல்லை," என்று வீட்டுக்கு வந்து சந்தோஷமாகச் சொன்னார்.

"டேனிஷ்காரர் பேசாமல் இருந்தா அது சம்மதமில்லை. எனக்கு இருவது வருஷமா அவையோட வேலை."

"உமக்கு எல்லாத்திலயும் பிழை பிடிச்சுப் பழக்கம்."

"அந்தத் தபால்காரரிட்டைக் கேட்டனீங்களோ?"

"என்னத்தை?"

"எங்க ஓடப்போறார், எப்பிடி ஓடப்போறார் எண்டு."

"விசர்க் கதை கதையாதையும். அதைப் போய்க் கேட்டா, இவனுக்கு வேலை தெரியாது போல எண்டு நினைப்பார். கேட்டுக் குடுக்கிறதும் ஒரு குடுப்போ?"

கடைசி வரியை அவர் சொன்ன விதத்தில் ஓர் உறுதி இருந்தது. எங்கள் வீடுகளில் விருந்தாளியிடம் இன்னும் சோறு வேண்டுமா என்று கேட்பதில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லத்தான் அவருக்கு வழி விடுகிறோம். அகப்பையோடு போய்ப் போட்டுவிட வேண்டும். கை குறுக்கே வந்தால் விரலிடுக்கால் போட வேண்டும். அவர் அந்த எஞ்சினுக்கு அரை அங்குலம் கூடப் போட்டது அப்படித்தான். அதில் கபடம் எதுவும் இல்லை.

சனிக்கிழமை மெஸ்டரையும் தபால்காரரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தோம். அழைப்பு என் கணவருடைய யோசனை. ஒரு மணிக்கு என்று சொன்னால் ஒரு மணிக்கு மணியடிக்கும் மனிதர்கள். மெஸ்டர் தன் வான் வண்டியில் தபால்காரரை ஏற்றி வந்தார். மனிதர் நெடியவர். எங்கள் மாடிப்படிகளில் வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதனோடு கொண்டுவந்து சேர்த்து, ஒவ்வொரு படியாக ஏறினார். அதை நான் கதவில் நின்று பார்த்தேன். என் கணவர் அடுப்படியில் இருந்தார்.

சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, சொதி. தபால்காரர் முதலில் போட்டதைத் துடைத்தாற்போலச் சாப்பிட்டார். அது எங்கள் வீட்டில் ஆபத்தான செயல். கணவர் எழும்பிப் போய் இரண்டாம் முறை போட்டார். தபால்காரர் நன்றி சொல்லி அதையும் சாப்பிட்டார், மெதுவாக. மூன்றாம் முறை அகப்பை வந்தபோது தட்டின்மேல் தன் கையை விரித்து வைத்தார். சோறு அவருடைய கையின்மேல் விழுந்தது.

தபால்காரர் தன் புறங்கையில் இருந்த சோற்றைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"என் எஞ்சினையும் இப்படித்தான் செய்கிறாயா?"

மெஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். என் கணவர் அகப்பையோடு நின்றார். டேனிஷில் எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான், ஆனாலும் அந்த 'நீ' அன்று அவரைத் தொட்டது. இல்லை, நல்ல பெரிய கிராங்க் ஒன்றுதான் தெரிவு செய்திருக்கிறேன் என்று விளக்கத் தொடங்கினார்.

"பழையதைவிடப் பெரிதா?" என்று தபால்காரர் கேட்டார்.

"ஸ்ட்ரோக் அரை அங்குலம் கூட."

"நான் அதைக் கேட்டேனா?"

குரலில் கோபம் இல்லை. யாரும் ஓர்டர் பண்ணாத பொதியோடு ஒரு வாசலில் நிற்கும்போது தபால்காரர்கள் இப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

கணவர் அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார். கதிரையை இழுத்து உட்கார்ந்தார். விருந்தாளி எழும்புமுன் அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததை அதற்குமுன் நான் கண்டதில்லை.

"அந்தக் கார் உனக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார்.

தபால்காரர் அரைமணி நேரம் பேசினார். அவருடைய வீடு ஏரிப் பக்கம், பள்ளத்தில் இருக்கிறது. ஊரைவிட்டு வெளியே போகும் வீதி நீண்ட மேடு. மேட்டின் நடுவில் இடப்பக்கம் சாம்பல் நிற மின்சாரப் பெட்டி ஒன்று. ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டியடியில் கார் களைத்துவிடும். மூன்றாம் கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறங்க வேண்டும். அந்தக் காரின் கிளச் பாரம். நாற்பது வருடம் சைக்கிளில் கடிதம் கொடுத்த இடது முழங்கால் அந்த ஒரு மிதியில் கத்திவிடும். பின்னால் லொறிகள். ஞாயிற்றுக்கிழமை கேக் வாங்கப் போவதும், கோடையில் ஒரு முறை மேற்குக் கடற்கரைக்குப் போவதும்தான் அந்தக் காருக்கு வேலை. எண்பதுக்கு மேல் ஓட்டியதே இல்லை.

"வேகம் எனக்கு வேண்டாம்," என்றார். "அந்தப் பெட்டியைத் தாண்டும்போது இடது கால் தரையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த வருடம் காரை விற்றுவிடுவேன்."

மெஸ்டர் கத்தரிக்காயை முடித்துவிட்டுத் தன் பையைத் திறந்தார். ஓர்டர் தாளை எடுத்து என் கணவருடைய தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் வைத்தார். அதில் கோப்பிக் கோப்பையின் வட்டம் பதிந்திருந்தது.

"நீ அனுப்பவில்லையா?" என்று கணவர் கேட்டார்.

"இல்லை. இங்கே பார்." வாடிக்கையாளரின் பெயருக்குக் கீழே, கார் எப்படி ஓட்டப்படும் என்று எழுதுவதற்கு ஒரு வரி இருந்தது. அது வெறுமையாக இருந்தது. "இது நிரம்பட்டும் என்று இருந்தேன்."

பிறகு கத்தரிக்காய் எப்படிச் சமைத்தது என்று என்னிடம் கேட்டார்.

அவர்கள் போனபின் கணவர் பாத்திரம் கழுவினார். ஒவ்வொரு பாத்திரத்தையும் தேவைக்கு மேல் தேய்த்தார். "வேலை போச்சுது," என்றார் ஒருமுறை, தண்ணீர்க் குழாயைப் பார்த்து.

"தாளைத் திருப்பித் தந்தவ. உங்களைத் திருப்பி அனுப்பேல்லை."

ஞாயிறு காலை எங்கள் காரில் சில்க்போர்க்குக்குப் போனோம். அந்த மேட்டில் ஏறினோம். சாம்பல் பெட்டிக்குச் சற்று முன்னால், வீதியோரம் இடம் இருந்த ஓர் இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். இறங்கினார். கீழே பார்த்தார், மேலே பார்த்தார். பெட்டியிலிருந்து மேடு முடியும் இடம்வரை புல்லோரமாக நடந்து எண்ணினார். இருநூற்றுப் பன்னிரண்டு காலடி. மழைத்தூறல் விழுந்தது. திரும்பி வந்து காருக்குள் ஏறியதும் சொல்லத் தொடங்கினார்.

"மூண்டே முக்கால் போட்டா திருப்பியும் இதே பெட்டியடியில கால் தூக்குவார். நாலேகால் போட்டா பிளாக்குக்கு, எஞ்சின்ர கூட்டுக்கு, உள்ளுக்குக் கிறைண்ட் பண்ண வேணும், கை சுத்த இடம் காணாது. சுவர் ஏற்கெனவே துருவில மெலிஞ்சிருக்கு. அதோட இந்த எஞ்சினுக்கு வால்வு பக்கத்தில, புகை போற வழி பிளாக்குக்கு உள்ளால. சும்மாவே சூடு பிடிக்கும். இழுக்கிற காத்தும் குறைவு. பெரிசாக்கினாலும் மூச்சு அதேதான்."

"அப்ப நாலு?"

"நாலு அப்பிடியே இருக்கும். ஒரு இடமும் தேய்க்கத் தேவையில்லை. கொள்ளளவு பதினஞ்சில ஒரு பங்கு கூடும். மெதுவா ஓடேக்க இழுவை கூடும், அதுதானே அந்த மனிசனுக்கு வேணும்."

"பதினஞ்சில ஒண்டு காணுமோ?"

அடுத்த சிவப்பு விளக்கில் நான் காரை நிறுத்தியபோது அவர் புகார் படிந்த கண்ணாடியில் விரலால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாதி வேலையைப் புது றிங்கும் வால்வும் செய்யும். பழைய எஞ்சின் தேஞ்சு போனது. மிச்சத்துக்கு... காணுமெண்டு நினைக்கிறன்."

ஓர் இயந்திரத்தைப் பற்றி அவர் 'நினைக்கிறன்' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பின்னேரம் புதுத் தாளை நிரப்பினார். வெறுமையான வரியில் டேனிஷில் எழுதினார்: மேட்டில் கியர் மாற்றக் கூடாது, இடது முழங்கால் நோ, எண்பதுக்கு மேல் ஓட்டுவதில்லை. அந்த வரியில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. திருத்தாமல் விட்டேன்.

எண்களை விடவில்லை. பத்திரிகையில் நாங்கள் செய்தது போல, ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க மற்றவர் தாளைப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். நான் அவருடைய விலைப்பட்டியல் புத்தகத்திலிருந்து நாலு அங்குலத்துக்கான பகுதி எண்களை ஒவ்வோர் இலக்கமாக வாசித்தேன். கிராங்க் சரி. பெயறிங் சரி. பிஸ்டனுக்கு வந்தபோது அவர் நிறுத்தினார்.

"திருப்பி வாசியும்."

வாசித்தேன்.

தாளில் இருந்தது வேறு எண். கிராங்கை மாற்றியவர் பிஸ்டனை நாலேகாலுக்கு உரியதாகவே பழைய தாளிலிருந்து பார்த்து எழுதியிருந்தார். அந்தப் பிஸ்டன்களில், பிஸ்டனைத் தண்டோடு சேர்க்கும் ஊசிக்குரிய துளை சற்று மேலே இருக்கும். அவற்றை நாலு அங்குலக் கிராங்கில் போட்டால் ஒவ்வொரு பிஸ்டனும் சேர வேண்டிய உயரத்துக்கு மூன்று மில்லிமீட்டர் கீழேயே நின்றுவிடும். அழுத்தம் வராது. பழைய எஞ்சினைவிடச் சோர்ந்த எஞ்சின் ஒன்று மெஸ்டரின் கண்முன்னால் அந்த மேட்டில் நின்றிருக்கும்.

அவர் அழிறப்பரை எடுத்தார். அழித்தார். தாளை ஊதினார். எழுதினார்.

"உமக்கு எல்லாத்திலயும் பிழை பிடிச்சுப் பழக்கம்," என்றார். முதல் முறை சொன்ன அதே வார்த்தைகள். குரல் வேறு.

சாமான்கள் ஒன்பது நாளில் வந்தன. எஞ்சினை முதலில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு மெஸ்டர் செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்றரை என்று குறித்தார். செவ்வாய் மூன்று தொடக்கம் நாலரைவரை இராகு காலம். என் கணவர் பழைய மனிதராகவே இருந்திருந்தால் அன்று ஏதாவது ஒரு போல்ட்டைத் தொலைத்துவிட்டு நேரத்தைக் கடத்தியிருப்பார். இப்போது நேரே போய், இரண்டு மணிக்குச் செய்யலாமா என்று கேட்டார். காரணத்தையும் சொன்னார். மெஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எண்ணெய் அதற்குள் சூடாகுமென்றால் எனக்குப் பிரச்சினை இல்லை" என்றார். இரண்டு மணி ஏழு நிமிடத்துக்கு எஞ்சின் ஓடியது.

பதின்மூன்றாம் கிழமையின் வெள்ளிக்கிழமை நான் வேலை முறையை மாற்றிக்கொண்டு போனேன். தபால்காரர் ஓட்டினார். கணவர் முன்னால், பக்கத்தில். மெஸ்டரும் நானும் பின்னால். அந்தக் காரின் பின் இருக்கை எங்கள் வரவேற்பறைச் சோபாவைவிட அகலம். ஏரிப் பக்கத்திலிருந்து மேட்டைப் பிடித்தோம். மேட்டின் அடியில் வேகம் அறுபது.

கணவர் வீதியைப் பார்க்கவில்லை, சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி மேட்டில் எஞ்சினின் சத்தம் தாழ்ந்தது. வேகம் ஐம்பத்தைந்து. ஐம்பது. சாம்பல் பெட்டி தெரிந்தது. தபால்காரரின் வலக்கை பழக்கத்தில் ஸ்டியரிங்கை விட்டு கியர்த் தண்டுக்குப் போனது, அதன்மேலேயே இருந்தது. முள் அசையவில்லை. நாற்பத்தெட்டு. பெட்டி என் பக்கக் கண்ணாடியைக் கடந்து பின்னால் போனது. சத்தம் தாழ்ந்த அதே இடத்தில் நின்று, அதற்குக் கீழே போகாமல், காரை இழுத்துக்கொண்டு ஏறியது. அது பாய்ச்சல் அல்ல. ஒரு பாரமான ஆள் மூட்டையோடு படி ஏறுவது போல. மேல் முனையில் நாற்பத்தாறு.

தபால்காரர் இடது காலைத் தூக்கி, காரின் தரையில் இரண்டு முறை தட்டினார்.

மேலே ஒரு தரிப்பிடத்தில் நிறுத்தினார். எஞ்சினை அணைக்காமல் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்போது பின் இருக்கையிலிருந்து மெஸ்டர், "உன் காற்சட்டை அளவு என்ன?" என்று கேட்டார்.

என் கணவர் திரும்பினார். வேலைத்தலத்தின் உடுப்பு மெஸ்டருக்கு மட்டும்தான் இருந்தது. இவர் பதின்மூன்று கிழமையும் தொழிற்சாலையின் பழைய காற்சட்டையில்தான் போய் வந்தார்.

"ஏன்?" என்றார்.

"திங்கட்கிழமை உடுப்பு ஓர்டர் பண்ண வேண்டும். இன்னொரு பிளாக்கும் வருகிறது. ஒப்பந்தம் அலுவலகத்தில் இருக்கிறது, வாசித்துப் பார். உன் மனைவியையும் வாசிக்கச் சொல்."

அவர் என்னைப் பார்த்தார். டேனிஷ் கணக்கில் அவருடைய அளவு ஐம்பத்திரண்டு. முப்பது வருடமாக அடுத்த அளவான ஐம்பத்திநாலுதான் வாங்கினார், பெல்ட்டால் இறுக்கினார்.

"ஐம்பத்திரண்டு," என்று டேனிஷில் தெளிவாகச் சொன்னார்.

உடுப்பு அடுத்த வியாழக்கிழமை வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, அறைக்குள் போய்ப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி வெளியே வந்தார். மேல் பொத்தான் பூட்டுப்படவில்லை. ஐம்பத்திரண்டு என்பது தொழிற்சாலை மூடிய நாளின் அளவு. பதினொரு மாதம் வீட்டில் இருந்த வயிற்றை அவர் அளக்க மறந்திருந்தார்.

"இதுக்குத்தான் நான் எப்பவும் ஒரு அளவு கூட எடுக்கிறனான்," என்று சிரித்தார்.

"சிரிக்காமல் போய்க் கேளுங்கோ. மாத்தித் தருவா."

"ஓம், கேக்கத்தான் போறன்," என்று சொல்லிவிட்டு, தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் அளந்து, எண்ணை இரண்டு முறை உரக்க வாசித்தேன். அவர் எழுதிக்கொண்டார்.